பதப்படுத்திய இறைச்சியில் மருந்துக்கு மசியாத பாக்டீரியா: வெப்பத்தில் சாவது எது, பிறகு வந்து சேர்வது எது?

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 71. சென்ற மாதம் அவருக்கு வயிற்றுப்போக்கோடு கடும் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரத்த கல்ச்சர் பரிசோதனையில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. முதலில் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் காய்ச்சல் தணியவே இல்லை. முழு அறிக்கை வந்தபோது, அந்த மருந்துக்கும் ஆம்பிசிலினுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் நேராக எதிர்ப்பு உண்டு என்று குறித்திருந்தார்கள். செஃப்ட்ரியாக்சோனுக்கு மாற்றிய பிறகுதான் தேறினார்.

நோய் எதிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்று ஏதும் இல்லை. அதற்கு முந்தைய சில நாள்களில் அவர் உண்டவற்றில் பாக்கெட்டில் வந்த ஹாம் என்ற பன்றி இறைச்சித் துண்டுகளும், உறைநிலையில் வாங்கி வீட்டில் சூடாக்கிய கோழி நகெட்டும் இருந்தன என்பது மட்டும் தெரியும். தொழிற்சாலையில் பதப்படுத்திய இறைச்சி என்றாலே கிருமி நீங்கியது என்றுதான் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். ஆன்டிபயாட்டிக்குக்கே அடங்காத பாக்டீரியா அடுப்புச் சூட்டுக்கு மட்டும் அடங்குமா? ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்த்தது என்று எழுதிய பாக்கெட்டை வாங்கினால் இந்தக் கவலை தீர்ந்துவிடுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உணவு நுண்ணுயிரியலாளர்

உங்கள் தாயார் தேறிவிட்டார் என்பதைப் படித்து நிம்மதி அடைந்தேன். அடுப்புச் சூட்டைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பெரும்பாலோர் தடுமாறுவது அங்கேதான்.

மருந்தை எதிர்க்கும் ஆற்றல் வேறு, வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் வேறு. சிப்ரோஃப்ளாக்சசின் பாக்டீரியாவின் டிஎன்ஏ முறுக்கைச் சீர்செய்யும் ஒரு நொதியைப் பற்றிக்கொண்டு அதை முடக்குகிறது. அந்த நொதியில் மிகச் சிறிய மாற்றம் நேர்ந்தாலே மருந்துக்குப் பிடி கிடைக்காமல் போய்விடுகிறது. ஆம்பிசிலினை எதிர்க்கும் பாக்டீரியாவோ, பெரும்பாலும் அந்த மருந்தையே துண்டிக்கும் ஒரு நொதியைச் சுரக்கிறது. இவை அந்தந்த மருந்துக்கென்று அமைந்த தற்காப்புகள். வெப்பம் அப்படி ஓரிடத்தை மட்டும் குறிவைப்பதில்லை. செல்லின் புரதங்களையும் சவ்வையும் ஒருசேரக் குலைத்துவிடுகிறது. ஆகவே பத்து மருந்துகளை எதிர்க்கும் சால்மோனெல்லாவும் சாதாரண சால்மோனெல்லாவைப் போலவேதான் சூட்டில் சாகும். உணவின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸை எட்டி அதே சூட்டில் 2 நிமிடம் இருந்தால், சால்மோனெல்லாவைவிடச் சற்று அதிகமாக வெப்பம் தாங்கும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாகூடப் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடும். உறைய வைப்பது அப்படியல்ல. அது பாக்டீரியாவைப் பெரும்பாலும் உறங்கத்தான் வைக்கிறது.

ஆனால் பதப்படுத்தியது என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பண்டங்கள் அடங்கியிருக்கின்றன. வேகவைத்த ஹாமில் இறைச்சி முழுமையாக வெந்திருக்கும். சலாமி போன்றவை வேகவே இல்லை. உப்பும், நொதித்தலில் உண்டாகும் புளிப்பும், உலர்தலும் சேர்ந்துதான் அவற்றைக் காக்கின்றன. பச்சை சாசேஜ் என்பது உப்பும் மசாலாவும் சேர்ந்த பச்சை இறைச்சியே. நகெட் வகைகளில் சில முழுமையாக வெந்தவை. வேறு சில, மேல்மாவு உறைவதற்காக மட்டும் சில நொடிகள் எண்ணெயில் இட்டு எடுத்தவை. பொன்னிறமாக இருப்பதால் வெந்தது என்று நம்பி, லேசாகச் சூடாக்கி உண்டவர்கள் பல முறை சால்மோனெல்லாவால் நோயுற்றிருக்கிறார்கள். கனடாவில் அத்தகைய தொற்றுகள் அடுத்தடுத்து வந்ததால்தான், உறைநிலையில் விற்கும் பச்சை மேல்மாவுக் கோழிப் பண்டங்களில் சால்மோனெல்லா கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும் என்று 2019 ஏப்ரல் முதல் விதி வந்தது. நீங்கள் வாங்கிய பாக்கெட்டில் பச்சையானது என்றோ, முழுமையாக வேகவைத்து உண்ணவும் என்றோ எழுதியிருந்ததா என்பதைத் தேடிப் பாருங்கள்.

தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருப்பவர்

மேலே சொன்னதோடு ஹாமைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பதினான்கு ஆண்டுகளாக என் வேலையே அதுதான். வேகவைக்கும் கலத்திலிருந்து வெளியே வரும் ஹாமைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அங்கே வெப்பமானி இருக்கிறது, ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவு இருக்கிறது. என் கவலை அதற்கு அடுத்த அறையில் தொடங்குகிறது. உறையைக் கழற்றிய இறைச்சி துண்டுபோடும் எந்திரத்துக்குப் போகிறது. அங்கிருந்து பட்டையில் ஊர்ந்து எடைத் தட்டுக்கும் பாக்கெட்டுக்கும் போகிறது. இந்தத் தொலைவில் எங்கேயாவது ஒரு பாக்டீரியா ஒட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு அதைக் கொல்லும் படி எதுவும் கிடையாது. வாங்குபவரும் அதைச் சூடாக்காமல்தான் உண்கிறார்.

ஒருமுறை நான் பணியாற்றிய ஆலையில் துண்டுபோடும் எந்திரத்தில் எடுத்த பஞ்சு மாதிரிகளில் வாரக்கணக்கில் லிஸ்டீரியா இனம் தென்பட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் இரவும் கழுவினோம், கிருமிநாசினி கலந்த மருந்து நீர் தெளித்தோம். மறுநாள் காலையில் சுத்தம் என்று முடிவு வரும். ஆனால் எந்திரம் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு எடுத்தால் மீண்டும் தென்படும். கடைசியில் எந்திரத்தை ஆணி ஆணியாகப் பிரித்தபோது, கத்தியின் காப்புத் தகட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் வளையத்தில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருந்தது. அதற்குள் படலமாகப் படர்ந்து, எந்திரம் அதிரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்துகொண்டிருந்தது. அப்படிப் படலமாக ஒட்டிய பாக்டீரியாவை, நீரில் தனித்து மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவு மருந்து நீர் ஒன்றும் செய்வதில்லை. அதற்கும் மேலாக, லிஸ்டீரியாவின் சில வகைகள், ஆலைகளில் பரவலாகத் தெளிக்கும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியை உள்ளே புகுந்தவுடன் வெளியேற்றித் தள்ளும் புரதங்களுக்கான மரபணுக்களைப் பெற்றிருக்கின்றன. ஓர் ஆலையில் ஒரே வகை லிஸ்டீரியா ஆண்டுக்கணக்கில் குடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லிஸ்டீரியாவுக்குக் குளிர்பெட்டியும் தடையில்லை. 4 டிகிரியில் சால்மோனெல்லா ஏறத்தாழ நின்றுவிடும். லிஸ்டீரியா மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும். தென்னாப்பிரிக்காவில் 2017 தொடக்கத்திலிருந்து 2018 நடுப்பகுதி வரை பரவிய தொற்றில் ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டும் 1,060 பேர். இறந்தவர்கள் 200க்கும் மேல். உண்ணத் தயாராக விற்கப்பட்ட போலோனி என்ற வெந்த இறைச்சிப் பண்டமே அதற்குக் காரணம் என்று 2018 மார்ச்சில் கண்டறிந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் நான் தூங்கவில்லை.

ஐயம் எழுப்புபவர்

எல்லோரும் பொறுமையாக விளக்குகிறீர்கள், ஆனால் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் கட்டுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாவும் சூட்டில் அதே போலச் சாகும் என்கிறீர்கள். துண்டுபோடும் எந்திரத்தில் லிஸ்டீரியா ஒட்டுவதற்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் தொடர்பில்லை. அப்படியானால் இது முழுக்கத் தூய்மையைப் பற்றிய கேள்விதானே? மருந்து எதிர்ப்பு பெருகியதற்கு மனிதர்கள் சளிக்கும் தும்மலுக்கும் மாத்திரை விழுங்கியதே காரணம் என்பதை எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். பழியைப் பண்ணையின் மீதும் இறைச்சியின் மீதும் சாற்றுவது சரிதானா? வாதத்துக்காகக் கேட்கவில்லை; உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

கால்நடை மருத்துவர்

நல்ல கேள்வி, நண்பரே. மனிதர்கள் தேவையின்றி உண்ணும் மாத்திரையின் பங்கு பெரிது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஈ.கோலை போன்றவற்றின் எதிர்ப்பு பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது என்று மரபணு வரிசை ஒப்பீடுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் டைஃபாய்டு அல்லாத சால்மோனெல்லாவுக்கும், வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கும் இருப்பிடமே விலங்கின் குடல். அவை எந்த மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த விலங்குக்குக் கொடுக்கப்பட்ட மருந்து.

இதைச் சோதித்துப் பார்த்ததுபோல் அமைந்த ஒரு நிகழ்வு உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கோழிக் குஞ்சு பொரிப்பகங்கள் முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் என்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தி வந்தன. அது இழையைத் தொடங்கியவரின் தாயாரைக் காப்பாற்றிய செஃப்ட்ரியாக்சோனின் நெருங்கிய உறவு மருந்து. கடைகளில் எடுத்த கோழி இறைச்சியிலும் நோயுற்ற மனிதர்களிடமும் அந்த வகை மருந்துகளை எதிர்க்கும் சால்மோனெல்லா ஹைடெல்பர்க் என்ற வகை ஒன்றுபோல ஏறிக்கொண்டே வந்தது. 2005இல் பொரிப்பகங்கள் தாமாகவே அந்த ஊசியை நிறுத்தின. இறைச்சியிலும் மனிதர்களிடமும் எதிர்ப்பு கூர்மையாக இறங்கியது. 2007இல் ஒரு பகுதிப் பொரிப்பகங்கள் மீண்டும் தொடங்கியபோது அதுவும் மீண்டும் ஏறத் தொடங்கியது. இதைவிடத் தெளிவான தடயத்தை எங்கே தேடுவது?

டென்மார்க்கின் கதை இன்னும் நுணுக்கமானது. அங்கே கால்நடைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்த அவோபார்சின் என்ற மருந்து, மருத்துவமனைகளின் கடைசி ஆயுதங்களில் ஒன்றான வான்கோமைசினின் இனத்தைச் சேர்ந்தது. 1995இல் அதைத் தடைசெய்தார்கள். கோழிகளில் வான்கோமைசினை எதிர்க்கும் என்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா வெகுவாகக் குறைந்தது; பன்றிகளில் மட்டும் குறையவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது, பன்றிகளிடம் இருந்த பாக்டீரியாவில் வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும் டைலோசின் என்ற வேறோர் ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில், பிணைந்திருந்தது தெரியவந்தது. பன்றிகளுக்கு டைலோசின் தொடர்ந்து கொடுக்கப்பட்டு வந்ததால், அது தன்னோடு பிணைந்திருந்த மற்றதையும் காத்து வைத்திருந்தது. டைலோசினும் குறைந்த பிறகே பன்றிகளிலும் இறங்கியது. ஒரு மருந்தை நிறுத்தினால் அந்த மருந்துக்கான எதிர்ப்பு தானாகப் போய்விடும் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை நான் இதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை முற்றிலும் நிறுத்தியது.

இனி பாக்கெட்டில் உள்ள எழுத்தைப் பற்றி. இறைச்சியில் மருந்தின் எச்சம் இருப்பதும், மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா இருப்பதும் இருவேறு நிலைகள். கடைசி ஊசிக்கும் வெட்டுக்கும் இடையே குறிப்பிட்ட நாள்கள் காத்திருந்தால் எச்சம் உடலிலிருந்து நீங்கிவிடும். ஆய்வகச் சோதனையில் சுத்தம் என்று வரும். ஆனால் அந்த மருந்து குடலில் தேர்ந்தெடுத்து விட்டுச்சென்ற பாக்டீரியா அதே நாள்களில் நீங்குவதில்லை. எச்சம் இல்லை என்ற எழுத்து பாக்டீரியாவைப் பற்றி எதையும் சொல்வதில்லை. விலங்கின் வாழ்நாளில் எப்போதுமே மருந்து கொடுக்காமல் வளர்த்தது என்ற எழுத்துக்கு அதைவிட மதிப்பு அதிகம், ஏனெனில் அது பண்ணையில் தேர்வு நடப்பதையே குறைக்கிறது. ஆயினும் அந்த விலங்கும் மற்றவற்றோடு ஒரே வெட்டுக்கூடத்தில், ஒரே அரைவை எந்திரத்தில் சென்றிருக்கலாம்.

நான் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டுகளில், நான்கைந்து கோழிகள் வாடியிருந்தால் கொட்டகை முழுவதற்கும் குடிநீரில் மருந்து கலக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அன்று அதுதான் வழக்கம் என்பது உண்மை. அது என் கையெழுத்து என்பதும் உண்மை. இப்போது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பாமல் எழுதுவதில்லை.

தொற்றுநோய் மருத்துவர்

ஐயம் எழுப்பியவருக்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு விடை உண்டு. சூட்டில் எல்லாம் ஒரே போலச் சாகும் என்பது உண்மைதான். ஆனால் சாகாமல் தப்பி வந்த ஒன்று உடலுக்குள் போன பிறகுதான் வேறுபாடு தெரிகிறது. நலமான இளைஞருக்கு சால்மோனெல்லா வயிற்றுப்போக்கு வந்தால் நான் ஆன்டிபயாட்டிக்கே கொடுப்பதில்லை. நீரும் உப்பும் ஈடுசெய்தால் சில நாள்களில் தானே அடங்கும். முதியவர், கைக்குழந்தை, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஆகியோரிடம் அது இரத்தத்தில் கலந்துவிட்டால் மருந்து உடனே வேண்டும். அங்கே முதல் மருந்து பலிக்காமல் போகும் இரண்டு நாள்கள் மிக நீண்டவை. லிஸ்டீரியாவுக்கு இதில் ஒரு தனிக் கொடுமை உண்டு. செஃப்ட்ரியாக்சோன் உள்ளிட்ட செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை அது இயற்கையாகவே பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் முதியவர்களுக்கு மூளை உறைக் காய்ச்சல் என்று ஐயம் எழுந்தால், முடிவு வரும் முன்பே ஆம்பிசிலினையும் சேர்த்துத் தொடங்குகிறோம்.

இதைவிட அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. 1983இல் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்கள் நான்கில் 18 பேருக்கு, பல மருந்துகளை எதிர்க்கும் சால்மோனெல்லா நியூபோர்ட் தொற்று வந்தது. தொடர்ந்து தேடியபோது, தீவனத்தில் குளோர்டெட்ராசைக்ளின் கலந்து வளர்த்த மாடுகளின் அரைத்த இறைச்சியில் போய் முடிந்தது. அந்த 18 பேரில் 12 பேர், நோய் வருவதற்கு ஓரிரு நாள் முன்புதான் தொண்டைக்கோ காதுக்கோ வேறெதற்கோ பெனிசிலின் வகை மருந்து உண்ணத் தொடங்கியிருந்தார்கள். நம் குடலில் வாழும் நல்ல பாக்டீரியா, புதிதாக நுழைவதற்கு இடம் தராமல் காவல் காக்கிறது. ஆன்டிபயாட்டிக் அந்தக் காவலைக் கலைத்துவிடுகிறது. அந்த நேரத்தில், அதே மருந்தை எதிர்க்கும் சால்மோனெல்லா மிகச் சில எண்ணிக்கையில் நுழைந்தாலும், ஆளில்லாத வீட்டில் குடியேறுவதுபோலப் பெருகிவிடும். எதிர்ப்பு என்பது நோயைத் தீர்க்கவிடாமல் செய்வதோடு நிற்பதில்லை; வராமலே போயிருக்கக்கூடிய நோயை வரவழைக்கவும் செய்கிறது.

இழையைத் தொடங்கியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தாயார் நோயுறுவதற்கு முந்தைய வாரத்தில் வேறு ஏதாவது காரணத்துக்காக ஆன்டிபயாட்டிக் உண்டாரா?

இழையைத் தொடங்கியவர்

டாக்டர், உங்கள் கேள்வியைப் படித்தவுடன் மருந்துச் சீட்டுகள் வைத்திருக்கும் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். கடைவாய்ப்பல் வீக்கத்துக்காக அவருக்கு அமோக்சிசிலின் ஐந்து நாள் எழுதியிருந்தார்கள். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு தொடங்கியது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நாங்களே நிறுத்திவிட்டோம். மருத்துவமனையில் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நகெட் பாக்கெட்டையும் குப்பையிலிருந்து மீட்க முடியாவிட்டாலும், அதே பண்டத்தைக் கடையில் எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில், சமையல் குறிப்புக்கும் கீழே, சிறிய எழுத்தில் பச்சை இறைச்சி என்று இருந்தது. நான் அதை நுண்ணலை அடுப்பில் ஒன்றரை நிமிடம் மட்டும் வைத்தேன்.

தொற்றுநோய் மருத்துவர்

அமோக்சிசிலினும் ஆம்பிசிலினும் ஒரே இயல்புடையவை. ஒன்றை எதிர்ப்பது பெரும்பாலும் மற்றதையும் எதிர்க்கும். உங்கள் அறிக்கையில் ஆம்பிசிலினுக்கு எதிர்ப்பு என்று இருந்ததை முதல் பதிவிலேயே பார்த்தேன், அதனால்தான் கேட்டேன். ஒரு நோயாளியை வைத்து இப்படித்தான் நடந்தது என்று நான் முடிவு கூற மாட்டேன். நடந்திருக்கக்கூடிய வழி அது. தயவுசெய்து உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். முக்கியமான சொல்லைச் சிறிய எழுத்தில் அச்சிட்டது நீங்கள் அல்ல.

உணவு நுண்ணுயிரியலாளர்

நுண்ணலை அடுப்பைப் பற்றி ஒரு குறிப்பு. அது உணவைச் சீராகச் சூடாக்குவதில்லை. ஓரம் கொதிக்கும்போது நடுவில் பனி உருகாமல் இருக்கலாம். பச்சையான மேல்மாவுப் பண்டங்களுக்கு அது ஏற்றதே அல்ல.

ஐயம் எழுப்புபவர்

என் கேள்விக்கு இப்படி ஒரு விடை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தூய்மை வேறு, மருந்து எதிர்ப்பு வேறு என்று நான் பிரித்தது பாதிதான் சரி. தொழிற்சாலையில் பாக்டீரியா நுழைவதைத் தூய்மை தீர்மானிக்கிறது. நுழைந்தது எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதைப் பண்ணையில் முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். இப்படிப் புரிந்துகொள்வது சரியா? இன்னொன்றும் கேட்கிறேன். சலாமியை நொதிக்க வைக்கத் தொழிற்சாலைகளே பாக்டீரியாவைச் சேர்க்கின்றனவே, அவற்றிடம் இந்த மரபணுக்கள் இருந்தால்?

தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருப்பவர்

சரியான புரிதல்தான், ஐயா. நொதிக்கச் சேர்க்கும் லாக்டோபேசிலஸ் வகைகள் சிலவற்றில் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் மரபணு இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவை நோய் தருபவை அல்ல. ஆனால் அந்த மரபணு வேறொன்றுக்குத் தாவக்கூடிய இடத்தில் அமர்ந்திருந்தால் அதுவே இடர். ஆகவே மற்றதற்குக் கடத்தக்கூடிய எதிர்ப்பு மரபணு இல்லை என்று சோதித்த கல்ச்சரை மட்டுமே நாங்கள் வாங்குகிறோம். நேர்மையாகச் சொன்னால், சலாமியில் என் கண் அதிகம் நிலைப்பது வேறிடத்தில். 2009–10இல் அமெரிக்காவில் சலாமி வகைகளால் 270க்கும் மேற்பட்டோர் சால்மோனெல்லா மான்டிவிடியோ தொற்றுக்கு ஆளானபோது, இறைச்சி சரியாகத்தான் பதப்பட்டிருந்தது. பிறகு மேலே தூவிய மிளகில்தான் பாக்டீரியா இருந்தது. அது மருந்து எதிர்ப்புக்கான எடுத்துக்காட்டு அன்று. ஆனால் கொல்லும் படி முடிந்த பிறகு எது வந்து சேர்ந்தாலும் அது அப்படியே வாடிக்கையாளரின் வாய்க்குப் போகும் என்பதற்கு, என் பயிற்சி வகுப்புகளில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கால்நடை மருத்துவர்

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாயாரின் இரத்தத்தில் வளர்ந்த அந்தப் பாக்டீரியாவை ஆய்வகம் இன்னும் உறைநிலையில் வைத்திருக்கக்கூடும். அதைப் பொது சுகாதார ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணு வரிசை பார்த்தால், வேறு நோயாளிகளிடமோ ஏதேனும் இறைச்சி மாதிரியிலோ கிடைத்ததோடு அது பொருந்துகிறதா என்று தெரியும். தென்னாப்பிரிக்காவில் சிதறிக் கிடந்த நோயாளிகளில் பெரும்பாலோரை ஒரே வகை லிஸ்டீரியாவோடு இணைத்துக் காட்டியது இந்த முறைதான்.

இழையைத் தொடங்கியவர்

இன்று காலை மருத்துவமனை ஆய்வகத்துக்கு நேரில் சென்று கேட்டேன். மாதிரி இருக்கிறது, மூன்று மாதத்துக்குப் பிறகுதான் அழிப்பார்களாம். அனுப்பி வைக்கக் கோரி எழுத்தில் கேட்டு, அமோக்சிசிலின் சீட்டின் நகலையும் நகெட் பண்டத்தின் பெயரையும் உண்ட தேதிகளையும் இணைத்திருக்கிறேன். பல் மருத்துவரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முடிவு ஏதேனும் வந்தால் இதே இழையில் தெரிவிக்கிறேன்.